வடுவைக் கும்பிடுறவையும் வடுவைச் சுரண்டுறவையும்

பரீட்சை முடிஞ்ச கிழமைகளில் எங்கட ஹொஸ்டல் அறையில் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஓடுறது சினிமா இல்லை, மரவேலை வீடியோ. ஒருத்தருடைய போனைப் புத்தக அடுக்கில் சாய்ச்சு வைச்சிட்டு நாலைஞ்சு பேர் சுத்தியிருந்து பார்ப்போம். கறுத்துப்போய்த் தூசி படிஞ்ச ஜப்பானியப் பெட்டகம் ஒன்று வரும். இரும்புப் பூட்டுகளைக் கழற்றுவார்கள். மேற்பூச்சைத் தகட்டால் சுரண்டுவார்கள். பிறகு சாண்டர் மெஷின். தூசி பறக்க, உள்ளே இருந்து வெளிறின மரம் எட்டிப் பார்க்கும். பதினைஞ்சாவது நிமிசத்தில் தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு புது அலுமாரி நிற்கும். கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். நாங்களும் போட்டிருக்கிறோம்.

விடிஞ்சால் அதே போனில் இன்னொரு ஜப்பான் வரும். உடைஞ்ச கிண்ணம், வெடிப்பில் பொன் கோடு, பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல், காயம்தான் அழகு எண்டு ஒரு வசனம். கின்ட்சுகி. காதல் முறிஞ்சவர்களில் இருந்து வேலை போனவர்கள் வரைக்கும் பகிர்கிற ஜப்பான் இது. இதுக்கும் இதயம் போட்டிருக்கிறோம்.

முதல் நாள் இரவு வடுவைச் சுரண்டிறதுக்குக் கைதட்டினோம். அடுத்த நாள் காலமை வடுவைக் கும்பிட்டோம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுது எண்டுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருத்தியின் வீட்டில் ஒரு சம்பவம் நடந்த பிறகுதான் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினோம். அந்தக் கதை கடைசியில் வரும். வாசிச்சு முடிய எங்களுக்கு இரண்டு பகுதியோடும் கோபம் வந்தது. சாண்டர்காரரோடு கொஞ்சம் கூட. ஆனால் கின்ட்சுகிக்காரர் தப்பப் போறதில்லை.

முதலில் பொருளைப் பற்றி. தன்சு என்பது ஜப்பானிய லாச்சி அலுமாரிகளுக்கும் பெட்டகங்களுக்கும் பொதுப்பெயர். 1603 இல் தொடங்கிய எடோ காலத்தில் வியாபாரம் பெருகி, ஊராக்களிடம் உடுப்பும் கணக்குப் புத்தகமும் சேரச் சேர இவையும் பெருகின. 1868 க்குப் பிறகு, மெய்ஜி காலத்தில், ஊருக்கு ஊர் தனித்தனிப் பாணிகள் செழித்தன. கிமோனோவுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, கடைக்கணக்குக்கு ஒன்று. மேல்மாடிக்கு ஏறுகிற படிக்கட்டையே லாச்சிகளாகச் செய்த கைதான்-தன்சு ஒரு வகை. கப்பல் தலைவர்கள் காசும் முத்திரையும் பத்திரமும் வைத்த ஃபுனா-தன்சு இன்னொன்று. இதற்குச் சாதோ தீவின் ஓகியும், கரையோரத் துறைமுகங்களான சகாத்தாவும் மிகுனியும் பேர்போனவை. சில்லுப் பூட்டிய பெட்டகங்களும் இருந்தன. 1657 இல் எடோ நகரம் பற்றியெரிஞ்சபோது எல்லாரும் தங்கட சில்லுப் பெட்டகத்தை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வர, ஒடுக்கமான தெருக்கள் அடைபட்டு ஆக்கள் ஓட முடியாமல் போனது. 1683 இல் பெரிய நகரங்களில் அவற்றுக்குத் தடை வந்தது. ஒரு அரசாங்கம் தளபாடத்தைப் பார்த்துப் பயந்த கதை எங்களுக்குப் பிடிச்சிருந்தது, அதனால்தான் இது இங்க இருக்கு. எங்கட சண்டைக்குத் தேவையானவை இரண்டு மரங்கள் மட்டும்: கெயாகி, கிரி.

கெயாகி கடினமான மரம், சுழிசுழியாக ரேகை ஓடும். வடகிழக்கில் செண்டாய் நகரத்துத் தன்சுகளின் முகப்பு இதால் செய்யப்படும். முகப்பில் சிங்கம், டிராகன், பியோனிப் பூ எண்டு சுத்தியலால் அடிச்செடுத்த இரும்புத் தகடுகள் இருக்கும். மரத்தின் மேல் பூசுவது உருஷி. ரேகை தெரிகிற மாதிரி ஒளிபுகும் உருஷியை ஒரு படை பூசி, காயவிட்டு, தேய்த்து, திரும்பப் பூசி, திரும்பத் தேய்த்து மாதக்கணக்கில் செய்கிற வேலை.

உருஷி வார்னிஷ் இல்லை. இது விளங்காவிட்டால் மிச்சத்தை வாசிச்சுப் பயனில்லை. மாங்காய்ப் பால் வாயோரத்தில் பட்டுப் புண் வந்தவர்களுக்கும், மரமுந்திரிகைக் கொட்டை சுடேக்க எண்ணெய் தெறிச்சுக் கை பொங்கினவர்களுக்கும் உருஷியைப் புதுசா அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மூன்று மரமும் ஒரே குடும்பம். உருஷியும் ஒரு மரத்தின் பால்தான், அதுவும் தோலைப் பொங்க வைக்கும். பத்துப் பதினைஞ்சு வருசம் வளர்ந்த மரத்தில், கோடை தொடங்கி இலையுதிர் காலம் வரை, சில நாளுக்கு ஒருக்கால் புதுக்கீறல் போட்டுச் சொட்டுச் சொட்டாக வழிச்சு எடுப்பார்கள். ஒரு மரம் தன் வாழ்நாளில் தருவது ஏறக்குறைய 200 மில்லிலீற்றர். ஒரு கோப்பைத் தேத்தண்ணி அளவு. பருவம் முடிய மரத்தை வெட்டிவிடுவார்கள், அடிக்கட்டையில் இருந்து புதுத் தளிர் வந்து திரும்பப் பத்து வருசம் வளரவேணும்.

அது காயிற விதமும் வேறு. வார்னிஷை வெயிலில் வைப்போம். உருஷியை ஈரமான பெட்டிக்குள் வைப்பார்கள். ஈரப்பதன் 70 இலிருந்து 80 வீதம், வெப்பநிலை 20 இலிருந்து 25 பாகை. அந்த ஈரத்தில்தான் பாலில் உள்ள நொதியம் வேலை செய்து, ஒட்சிசனைச் சேர்த்து, அதைக் கெட்டியாக்கும். கெட்டியான பிறகு அமிலத்துக்கும் காரத்துக்கும் லேசில் அசையாது. அதைத் தின்னுறது வெயில்தான்.

இப்ப அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கோ. மெஷின் ஏன் தேவைப்படுது? சாதாரணமாகத் துடைச்சால் அந்தப் பூச்சு போகாது. நூறு வருசம் குசினிப் புகையிலும் குழந்தைகளின் கையிலும் நின்ற பூச்சு, தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்குது. நாங்கள் அதை அழுக்கு எண்டு நினைச்சு, அது தோற்கிற நிமிசத்துக்குக் கைதட்டுறம். ஒருத்தன் வருசக்கணக்கில் வளர்த்த மரம், இன்னொருத்தன் தோல் பொங்கப் பொங்க எடுத்த பால், மூன்றாவது ஆள் மாதக்கணக்கில் பூசின படைகள், எல்லாம் ஒரு பின்னேரத்தில் தூசியாகி வக்கூம் பைக்குள் போகுது. அதுக்குப் பதிலாக வருவது பொலியூரத்தேன். டின்னைத் திறந்து, தூரிகையால் இழுத்து, இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்து, பத்து வருசத்தில் மஞ்சளாகிற பிளாஸ்டிக். இரும்புத் தகடுகளையும் கம்பித் தூரிகையால் தேய்ச்சு வெள்ளி மாதிரி ஆக்குவார்கள். இரும்பைச் சூடாக்கி உருஷி பூசிக் கறுப்பேற்றுகிற முறை ஒன்று இருக்கிறது, அந்தக் கறுப்பு துருவைத் தடுக்கத்தான் வந்தது எண்டு ஆருக்குக் கவலை? இதைத்தான் "புதுப்பித்தல்" எண்டு தலைப்பில் போடுகிறார்கள். எங்களைக் கேட்டால், உரிச்சு வித்தல்.

இது யூரியூப் கண்டுபிடிச்ச பழக்கமும் இல்லை. 17 ஆம் நூற்றாண்டில் நாகசாகியில் இருந்து உருஷிப் பெட்டகங்களை ஐரோப்பாவுக்கு ஏற்றியது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச அதே கம்பனி. நாங்கள் லாச்சி எண்டு சொல்றது ஒல்லாந்துச் சொல், அலுமாரியும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனவை. அந்தக் கப்பல்கள் எங்களுக்குச் சொல்லைத் தந்தன, பாரிசுக்குப் பெட்டகத்தைக் கொண்டுபோயின. பாரிசில் என்ன நடந்தது? 18 ஆம் நூற்றாண்டில் அங்கத்தை ஆடம்பரப் பொருள் வியாபாரிகள் அந்தப் பெட்டகங்களை அக்கக்காகக் கழற்றினார்கள். உருஷி பூசின பலகையைப் பின்பக்கத்தால் சீவிச் சீவித் தாள் மாதிரி மெல்லிசாக்கி, வயிறு தள்ளின பிரெஞ்சு லாச்சி அலுமாரிகளின் முகப்பில் வளைச்சு ஒட்டினார்கள். சுற்றிவரப் பொன்முலாம் பூசின வெண்கலச் சட்டம். 1737 இல் ஃபொந்தேன்புளோ அரண்மனையில் அரசி மரீ லெஷ்சின்ஸ்காவுக்குப் போனது அப்படியொன்று. அதை வழங்கிய வியாபாரி எபேர், செய்த தச்சர் பெர்னார் வான் ரீசென்பேர்க். வேலைப்பாட்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள், அதில் பொய்யில்லை. ஆனால் அதுக்குள்ள ஒரு பெட்டகம் செத்துக் கிடக்குது.

தப்பினது எப்படித் தப்பினது எண்ட கதை இன்னும் நல்லது. ஏறக்குறைய 1640 இல் கியோத்தோவில் ஒன்றுக்கொன்று சோடியாகக் கருதப்படுகிற இரண்டு உருஷிப் பெட்டகங்கள் செய்யப்பட்டன. பிரான்சின் மசாரென் குடும்பத்தின் பெயரால்தான் இன்றும் அவற்றைச் சொல்கிறார்கள். ஒன்றை 1882 இல் இன்றைய விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலை வாங்கியது. மற்றது இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு தடயமில்லாமல் போனது. 1970 இல் லண்டனில் இருந்த பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒருவர் நூறு பவுணுக்கு ஒரு பழைய பெட்டகம் வாங்கினார். அதன்மேல் டிவியை வைத்தார். ஓய்வுபெற்றுப் பிரான்சுக்குப் போன பிறகு அதைக் குடிபானப் போத்தல் வைக்கிற பெட்டியாக்கினார். அதுதான் காணாமல்போன மசாரென் பெட்டகம் எண்டு ஆருக்கும் தெரியாது. 2013 இல் அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலை அதை ஏலத்தில் 73 இலட்சம் யூரோவுக்கு எடுத்தது. செய்தியை வாசிச்ச எல்லாரும் அந்த மனிசனைப் பார்த்துச் சிரிச்சார்கள். எங்களுக்கு அவருக்கு மாலை போடவேணும் போல இருக்கு. நாற்பது வருசத்துக்கு மேல் டிவி வைச்சார், போத்தல் வைச்சார். சாண்டர் மட்டும் வைக்கேல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டது அவர் செய்த மிகப்பெரிய திருத்த வேலை.

சரி, இதோட கின்ட்சுகிக்காரர் எழும்பிக் கைதட்டுவார்கள். "அதைத்தானே நாங்களும் சொல்றம், பழசைத் தொடாதே, வடுதான் அழகு." பொறுங்கோ. கிரி மரத்துக்கு வருவோம்.

கிரி ஜப்பானில் கிடைக்கிற மரங்களில் மிக லேசானவற்றில் ஒன்று. மெத்தென்று இருக்கும், நகத்தால் அழுத்தினாலே குழி விழும். ஈரக்காலத்தில் பலகை ஊதி லாச்சிகளை இறுக்கிக்கொள்ளும், வறண்ட காலத்தில் சுருங்கிக் காற்று விடும். உள்ளே இருக்கிற பட்டுத் துணி கெடாது. நல்ல கிரித் தன்சுவில் ஒரு லாச்சியைத் தள்ளி மூடினால் காற்று அழுத்தத்தில் இன்னொரு லாச்சி தானாக வெளியே வரும், அவ்வளவு இறுக்கமான வேலை. ஆணி அடிக்கிறதில்லை, உத்சுகி எண்ட செடியின் குச்சியில் செய்த மர ஆப்புகள். நீகதா மாகாணத்துக் கமோ நகரம் இதுக்குப் பேர்போனது.

ஐம்பது அறுபது வருசம் பாவிச்ச கிரித் தன்சு கறுத்து, கறைபிடிச்சு, குழிவிழுந்து பட்டறைக்கு வரும்போது அந்த வேலையாட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பூட்டு, பிடி எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். சுடுதண்ணியால் கழுவுகிறார்கள். மெத்தென்ற மரம் தண்ணியைக் குடிச்சு, அமுங்கின குழிகள் தாங்களாக மேலே எழும்பும். வெடிப்புகளுக்குள் அதே கிரி மரத்தின் சில்லுகளை வைச்சு அடைக்கிறார்கள், பொன்னாலும் இல்லை வெள்ளியாலும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மாதிரி. பிறகு சீவுளியை எடுத்து மேற்பரப்பு முழுவதையும் சீவித் தள்ளுகிறார்கள். ஐம்பது வருசக் கறுப்பு சுருள் சுருளாக நிலத்தில் விழும். காய்ஞ்ச புல் வேரைக் கட்டின ஒரு தூரிகையால் ரேகையின் வழியே தேய்ச்சு, மெதுவான பாகத்தைத் தாழ்த்தி, ரேகையை எழுப்புகிறார்கள். கடைசியாக ஒரு மரக்காயை அவிச்ச சாயத்தில் மென்மையான களிமண் பொடியைக் கரைச்சுப் பூசி, மெழுகு தேய்த்தால் வேலை முடிஞ்சுது. போகும்போது அது புதுத் தன்சு. வடு எங்க? குப்பைக்கூடையில்.

ஆக, காயத்தைப் பொன்னால் கொண்டாடுகிற நாடு எண்டு நீங்கள் ஸ்டேட்டஸ் வைக்கிற அதே நாட்டில், காயத்தைத் தடமில்லாமல் சீவி எறியிறது பரம்பரைத் தொழில். எங்களுக்கு இதைக் கண்டுபிடிச்ச அன்று பெரிய சந்தோசம். ஒரு நாட்டின் ஆயிரம் தொழில்களில் ஒன்றை எடுத்து, அதையும் கிண்ணத்தில் இருந்து பிரிச்சு, மனத்தைத் தேற்றுகிற வசனமாக்கி, "ஜப்பானியத் தத்துவம்" எண்டு விற்கிறதும் ஒருவகையான உரிப்புத்தான். சொல்லப்போனால் கின்ட்சுகியின் உண்மையான பசையே உருஷி. பொன் மேலே தூவுகிற பொடி. கிண்ணத்தை ஒட்டிப் பிடிச்சிருக்கிறது அந்த மரத்தின் பால். அதைப் பற்றி ஒரு ஸ்டேட்டஸிலும் நாங்கள் காணேல்லை.

அப்படியென்றால் சாண்டர் பிழை, சீவுளி சரியா? இரண்டும் மேற்பரப்பை எடுக்கிறதுதானே? இந்தக் கேள்வியை எங்களுக்குள்ளேயே இரண்டு கிழமை சண்டை பிடிச்சம். ஒருத்தர் இரண்டும் ஒன்றுதான், வெள்ளைக்காரன் செய்தால் குற்றம், ஜப்பான்காரன் செய்தால் கலையா எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ஆர் செய்யிறது எண்டதில் இல்லை, பொருளில் இருக்கிறது. கிரித் தன்சுவுக்கு மேற்பூச்சு கிடையாது, களிமண் பொடியும் சாயமும் மட்டுந்தான். பலகையைத் தடிப்பாகப் போட்டதே பின்னால் சீவுறதுக்காக. தாய் கொண்டுவந்ததைச் சீவி மகளுக்குக் கொடுக்கலாம், மகள் அதைச் சீவிப் பேத்திக்குக் கொடுக்கலாம். அதைச் செய்த தச்சர் அடுத்த தச்சருக்கு வேலை விட்டு வைச்சிருக்கிறார். செண்டாய்த் தன்சுவில் வேலையே மேலேதான் இருக்கிறது. அதை எடுத்தால் தச்சர் அடுத்தவருக்கு விட்டது ஒன்றும் மிச்சமில்லை. பிற்காலத்தில் ஒட்டுப்பலகையின் மேல் கிரித் தகடு ஒட்டி மலிவாகச் செய்தவற்றையும் சீவ முடியாது, இரண்டாம் இழுப்பில் தகடு கிழிஞ்சு பசை தெரியும். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே மாதிரி லாச்சி. ஆனால் மூன்றுக்கும் மூன்று நீதி.

(மகள் பிறந்தால் கிரி மரம் நட்டு, கலியாணத்துக்கு அதை வெட்டித் தன்சு செய்து கொடுக்கிற வழக்கத்தைப் பற்றி உருகி உருகி எழுதுவார்கள். எங்களுக்கு உருகேல்லை. சீதனத்துக்கு எந்த நாட்டில் பூ வைச்சாலும் சீதனம் சீதனந்தான். மரம் நல்ல மரம், அவ்வளவு.)

பெரிய ஆக்களும் இதிலே தடுமாறினவர்கள்தான். ஐரோப்பிய நூதனசாலைகளின் விதி, செய்த எதையும் பின்னால் கழற்றக் கூடியதாகச் செய் என்பது. ஜப்பானிய உருஷி வேலையாட்களின் வழக்கம், உருஷி பழுதானால் உருஷியாலேயே திருத்து என்பது. உருஷி காய்ந்தால் கழற்ற முடியாது. எது சரி? 2004 தொடக்கம் 2008 வரை லண்டனில் இருந்த மசாரென் பெட்டகத்தைத் திருத்தியபோது இந்த இரண்டு பள்ளிக்கூடத்து ஆக்களும் ஒரே மேசையில் இருந்துதான் வேலை செய்தார்கள். அதன் உருஷி வெளிச்சத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளாகச் சிதைந்திருந்தது, மேலே ஐரோப்பாவில் பூசின வார்னிஷ் வேறு. தண்ணி பட்டாலே பழுதாகிற நிலையில் உள்ள மேற்பரப்பில் எதை எடுப்பது, எதை விடுவது எண்டு அங்குலம் அங்குலமாக முடிவெடுத்த வேலை அது. நாலு வருசம். வீடியோவில் பதினைஞ்சு நிமிசம்.

அதுக்குப் பத்து வருசம் முதல், 1994 இல், நாரா நகரத்தில் கூடின மரபுரிமை வல்லுநர்கள் ஒரு ஆவணம் எழுதினார்கள். ஒரு பொருள் அசலா இல்லையா எண்டதை உலகத்துக்கெல்லாம் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது, அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைச்சுத்தான் பார்க்கவேணும் என்பது அதன் சாரம். கூட்டம் ஜப்பானில் நடந்தது தற்செயல் இல்லை. இசே கோயிலை இருபது வருசத்துக்கு ஒருக்கால் முழுசாகப் புதுசாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013 இல். மரம் புதுசு, கோயில் பழசு. கல்லுக் கட்டடங்களை வைச்சு எழுதின விதிகளுக்கு இது எப்படி விளங்கும்?

எங்கட கட்டுரையை வரைவில் வாசிச்ச ஒரு அண்ணா கேட்டார்: "உங்களுக்கென்ன, எழுதிப்போட்டு இருப்பியள். அந்தச் சாண்டர்காரன் வாங்காட்டி அந்தத் தன்சு விறகாகியிருக்கும்." உண்மை. போருக்குப் பிறகு ஜப்பானில் வீடுகள் மாறின, சுவரோடு சேர்ந்த அலுமாரிகள் வந்தன, கிமோனோ அன்றாட உடுப்பாக இல்லாமல் போனது. தன்சுகள் இடத்தை அடைக்கிற சாமான்களாகிவிட்டன. வெளிநாட்டு வியாபாரிகள் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போகாவிட்டால் கனக்க அழிஞ்சிருக்கும். இதை மறுக்கேல்லை. ஆனால் விறகாகாமல் காப்பாற்றினவனுக்கு உரிக்கிற உரிமை எப்படி வந்தது? வாங்கிறவர்களுக்கு மரநிறம்தான் பிடிக்கும், கறுப்புப் பிடிக்காது எண்டு சொல்கிறார்கள். அப்ப மரநிறத்தில் ஒரு அலுமாரி வாங்கலாமே. பழசு எண்ட பெயரும் வேணும், புதுசு எண்ட மினுக்கமும் வேணும் எண்டால் அந்த ஆசைக்கு நடுவிலதான் உருஷி செத்துப் போகுது.

இரண்டாவது மறுப்பு காசு. அசல் உருஷியால் முறையாகத் திருத்த, தன்சுவின் விலையைவிடக் கூடப் போகலாம். ஜப்பானில் பாவிக்கிற உருஷியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சீனாவில் இருந்து இறக்குமதி. உள்நாட்டு உருஷியில் பெரும்பங்கு இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜியில் இருந்து வருகிறது. தேசியப் பொக்கிசக் கட்டடங்களின் திருத்த வேலைக்கு உள்நாட்டு உருஷியைத்தான் பாவிக்கவேணும் எண்டு அரசாங்கம் 2015 இல் முடிவெடுத்த பிறகு அந்தச் சொட்டுகளுக்குப் போட்டி இன்னும் கூட. சாதாரண ஆள் என்ன செய்யிறது?

குறைய செய்யலாம். இது எங்கட முழு வாதமும், இதுக்குக் காசும் தேவையில்லை. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைக்கலாம். வெயில் படுற யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து தள்ளி வைக்கலாம். லாச்சி இறுகினால் அது ஓடுற சட்டத்தில் மெழுகுதிரியைத் தேய்க்கலாம். மூட்டுக் கழன்றால் இரும்பு ஸ்குரூவை முறுக்காமல், அந்த மரத்துக்குத் தெரிஞ்ச பசையால் ஒட்டலாம். அங்கே சோற்றை மசிச்ச பசையும் விலங்குப் பசையும் பாவிப்பார்கள், தேவையென்றால் பின்னாலே வருகிறவர் ஈரமும் சூடும் கொடுத்துக் கழற்றலாம். லாச்சியின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தொடமுதல் டோர்ச் அடிச்சுப் பார்க்கவேணும். பல தன்சுகளில் அங்கேதான் மையால் வருசமும் பெயரும் எழுதியிருக்கும். பூச்சு உரிஞ்ச இடம் உரிஞ்சபடி இருக்கட்டும். கட்டாயம் பூசத்தான் வேணும் எண்டால் ஜப்பானியரே உருஷிக்குப் பதிலாகப் பாவிக்கிற ஒரு பூச்சு இருக்கிறது, மரமுந்திரிகைக் கோதின் எண்ணெயில் செய்தது. அதன் பெயரே கஷூ. எங்கட கையைப் பொங்க வைக்கிற அதே எண்ணெய்! அது உருஷி இல்லை, உருஷி எண்டு சொல்லி விக்காத வரைக்கும் எங்களுக்கு அதோட கோபமும் இல்லை.

இனி அந்தச் சம்பவம்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டில் ஒரு பெட்டகம். தன்சு இல்லை, எங்கட ஊர் ஓடாவியார் செய்த சாதாரண பெட்டகம். 95 இடம்பெயர்வில் வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போய், திரும்பி வரேக்க கதவும் யன்னலும் இல்லாத வீட்டில் அது மட்டும் நின்றதாம். போன விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் அங்கே போயிருந்தோம். மூளை முழுக்க வீடியோ. சாண்டர் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம். அம்மம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கிறதாக நினைச்சு, முற்றத்தில் இழுத்துப்போட்டு முழுசாகத் தேய்ச்சோம். முன்னுக்கும் பின்னுக்கும் போட்டோ எடுத்தோம். தேன் நிறம் வந்தது, அச்சொட்டாக வீடியோவில் வாற மாதிரி.

அவ வந்து பார்த்திட்டு ஒன்றும் சொல்லேல்லை. பெட்டகத்தின் வலப்பக்கத்துக்குப் போனா. மேலிருந்து கீழே கையால் தடவினா. திரும்பவும் தடவினா. பிறகு எங்களைப் பார்த்து, "இதில கீறியிருந்தது எங்க?" எண்டு கேட்டா. அந்தப் பக்கத்தில் கத்தியால் குறுக்காகக் கீறின சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. தேய்க்கேக்க எங்களுக்குத் தெரிஞ்சது, பழுது எண்டு நினைச்சு அந்த இடத்தைத்தான் கூடத் தேய்ச்சோம். அம்மம்மாவின் நாலு பிள்ளைகளும் ஒவ்வொரு வருசமும் எவ்வளவு வளர்ந்தவை எண்டு அம்மப்பா கீறின கோடுகள். அதில் ஒருத்தர் பன்னிரண்டாவது கோட்டுக்குப் பிறகு வளரேல்லை.

மன்னிப்புக் கேட்டோம். அவ தேத்தண்ணி ஊத்தித் தந்தா. அந்தப் போட்டோக்களை ஒருத்தரும் போடேல்லை.

பெட்டகத்துக்கு இன்னும் வார்னிஷ் பூசேல்லை. அவ அதுக்குள்ள அரிசி போட்டு வைச்சிருக்கிறா. மழைக்கு மூடி ஊதி இறுகுதாம், வாற கிழமை ஓடாவியாரைக் கூப்பிட்டிருக்கு. மெஷின் கொண்டு வரவேண்டாம், சீவுளி மட்டும் போதும், வலப்பக்கத்தைத் தொடவேண்டாம் எண்டு அவவே போனில் சொல்லியிட்டா. வலப்பக்கத்தில் இப்ப ஒன்றும் இல்லை எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை.